கேட்காமல் செய்த நன்மை: அரச மருத்துவர் டாசன் பிரபு குறித்து ஒரு மறுபரிசீலனை

1. கேள்வி

மருத்துவ வரலாற்றில் பெர்ட்ரண்ட் எட்வர்ட் டாசனுக்கு இரண்டு இடங்கள் உண்டு. பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கு அவர் 1920ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாசன் அறிக்கை’யின் தலைவர். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பை ஒழுங்காக வரைந்து காட்டிய முன்னோடி ஆவணமாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. மருத்துவ அறம் படிப்பவர்களுக்கோ அவர் 1936 ஜனவரி 20ஆம் தேதி இரவு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கழுத்துச் சிரையில் மார்ஃபினும் கொக்கைனும் ஏற்றி, மன்னரின் சாவை விரைவுபடுத்தியவர். ஒரு சாரார் எழுதுவதில் மன்னரின் மரணம் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. மறு சாரார் எழுதுவதில் அறிக்கைக்கு இடமே இருப்பதில்லை.

இந்த இரண்டு டாசன்களும் ஒருவர்தானா? சீர்திருத்தக்காரர் ஒருவர் முதுமையில், ஓர் இரவில், தடுமாறிப்போனதாகக் கொள்வதா? அல்லது அந்த இரவில் செய்ததற்கான நியாயம் அவருடைய வாழ்நாள் சிந்தனையிலேயே இருந்ததா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவது விடையே சான்றுகளுக்குப் பொருந்துகிறது என்பது என் வாதம். எது நன்மை என்பதை அறிந்தவர் முடிவு செய்வார், பெறுபவரைக் கேட்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை டாசனின் சாதனைக்கும் பிழைக்கும் பொதுவாக அடியில் ஓடுகிறது.

2. லண்டன் மருத்துவமனையிலிருந்து அரண்மனைக்கு

டாசன் 1864 மார்ச் 9 அன்று கிராய்டனில் ஒரு கட்டடக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் படித்தார். மருத்துவப் பயிற்சி கிழக்கு லண்டனில் வைட்சேப்பல் பகுதியிலுள்ள லண்டன் மருத்துவமனையில். ஏழைத் தொழிலாளர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் வந்து குவியும் இடம் அது. 1893இல் எம்.டி. பட்டம் பெற்று, 1896இல் அங்கேயே துணை மருத்துவரானார்; 1903இல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அவரை உறுப்பாளராக ஏற்றது. வயிற்று நோய்களில் பெயர் பெற்றவர். 1900இல் கப்பல் கட்டும் தொழிலதிபர் ஆல்ஃபிரட் யாரோவின் மகளை மணந்தார்.

அரண்மனைத் தொடர்பு 1907இல் ஏழாம் எட்வர்ட் காலத்தில் தொடங்கியது. 1910இல் ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேறியதும் அது நிரந்தரமானது. மறு ஆண்டே சர் பட்டம் வந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் ராணுவத்தின் ஆலோசனை மருத்துவராக இருந்து, மேஜர் ஜெனரல் தகுதி வரை உயர்ந்தார். 1915 அக்டோபரில் படைகளைப் பார்வையிட வந்த மன்னர் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அவரைக் கவனித்தவர்களில் டாசனும் ஒருவர். மன்னருக்கும் அவருக்கும் இடையிலான நெருக்கம் அங்கே இறுகியது.

போருக்குப் பின் பதவிகள் வரிசையாக வந்தன. 1920இல் ‘டாசன் ஆஃப் பென்’ என்ற பெயரில் பிரபுப் பட்டம், 1929இல் பிரிவி கவுன்சில், 1931 முதல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸின் தலைமை, இடையில் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனின் தலைமை, 1936இல் வைக்கவுன்ட் பட்டம். மருத்துவத் தொழிலுக்கும் அரசுக்கும் அரண்மனைக்கும் இடையே இவ்வளவு தாராளமாகப் போய்வந்தவர் அந்தத் தலைமுறையில் வேறு எவரும் இல்லை என்றே சொல்லலாம். உடன் தொழில் செய்தவர்களுக்கு அவர்மீது பொறாமையும் இருந்தது, ஏளனமும் இருந்தது. அவர் கைபட்ட நோயாளிகள் பிழைப்பது அரிது என்ற பொருளில் ஒரு கேலிப் பாட்டு லண்டன் மருத்துவ வட்டாரத்தில் நெடுநாள் உலவியது. ஆனால் அவருடைய மருத்துவத் திறமையை அந்தப் பாட்டைக் கொண்டு அளக்க முடியாது. 1928ஆம் ஆண்டு நிகழ்வே அதற்குச் சான்று.

3. 1928: உயிர் காத்த ஊசி

1928 நவம்பர் 21 அன்று மன்னர் காய்ச்சலோடு படுத்தார். சில நாட்களில் அது நெஞ்சுத் தொற்றாகி, கிருமி ரத்தத்திலும் பரவிவிட்டது. சல்ஃபா மருந்துகளே வராத காலம். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டுகொண்ட ஆண்டுதான் என்றாலும் அது மருந்தாவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. நுரையீரலைச் சூழ்ந்து எங்கோ சீழ் கட்டியிருக்கிறது என்பது தெரிந்தது. எந்த இடத்தில் என்பது பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுத்தும் விடை கிடைக்காமல் நாட்கள் நகர்ந்தன.

டிசம்பர் 12 அன்று டாசன் தாமே ஊசியைச் செலுத்திச் சீழ் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அன்று மாலையே அறுவை மருத்துவர் ஹியூ ரிக்பி ஒரு விலா எலும்பின் பகுதியை அகற்றி அதை வடித்தார். மன்னர் பிழைத்தார். உடல் தேறுவதற்காக அவர் கடலோர ஊரான போக்னருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த ஊரின் பெயரோடு ‘ரீஜிஸ்’ என்ற அரச ஒட்டு சேர்ந்தது அதன் விளைவு.

இந்தச் சம்பவத்தின் இரண்டு பின்விளைவுகள் நம் ஆய்வுக்கு முக்கியம். அரண்மனை வேலியில் ஒட்டப்பட்டும் வானொலியில் வாசிக்கப்பட்டும் வந்த மருத்துவ அறிக்கைகளை நாடே ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக் காத்திருந்தது. மன்னரின் உடல்நிலை செய்தியாகிவிட்டது என்பதையும், அந்தச் செய்தியை எழுதுவது மருத்துவரின் வேலைகளில் ஒன்று என்பதையும் டாசன் அங்கே கற்றார். அடுத்தது, லண்டன் மருத்துவமனையைச் சேர்ந்த கேத்தரின் பிளாக் என்ற செவிலி மன்னரைப் பார்த்துக்கொள்ள வந்து, அரண்மனையிலேயே தங்கிவிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, மன்னர் இறந்த அறையில் அவரும் இருந்தார்.

4. 1920 அறிக்கை: அமைப்பும் அதன் அடிப்படையும்

அரண்மனைக்கு வெளியே டாசன் செய்ததில் பெரியது 1920 மே மாத அறிக்கை. 1919இல் பிரிட்டனில் முதன்முறையாகச் சுகாதார அமைச்சகம் உருவாயிற்று. கிறிஸ்டஃபர் ஆடிசன் அமைச்சர். நாட்டின் மருத்துவ சேவைகளை எப்படி அமைப்பது என்று ஆலோசனை கூற ஒரு குழு நியமிக்கப்பட்டது. டாசன் அதன் தலைவர். அன்றைய நிலை இதுதான்: 1911ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம் சம்பளத் தொழிலாளிக்கு மருத்துவரைத் தந்தது, அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தரவில்லை. பெரிய மருத்துவமனைகள் நன்கொடையில் ஓடின. தடுப்பு வேலை உள்ளாட்சியின் கையில், சிகிச்சை தனியார் மருத்துவரின் கையில். இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லை.

அறிக்கை இதை அடுக்கடுக்காக மாற்றி அமைத்தது. கீழே, பொது மருத்துவர்கள் பணிபுரியும் ஆரம்ப நிலையம்: படுக்கைகள், ஆய்வகம், எக்ஸ்ரே, பல் சிகிச்சை, தாய்சேய் கவனிப்பு எல்லாம் ஓரிடத்தில். அதற்கு மேல் நகரங்களில், சிறப்பு மருத்துவர்களைக் கொண்ட இரண்டாம் நிலை மையம். அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த போதனா மருத்துவமனை. கீழே தீராத நோய் மேலே போகும். தடுப்பையும் சிகிச்சையையும் பிரிக்கக் கூடாது, நோயாளியின் விவரங்களை ஒரே சீரான பதிவேட்டில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. நிலையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கட்டட வரைபடங்களே இணைக்கப்பட்டிருந்தன. கட்டடக் கலைஞரின் மகன் தலைமையேற்ற குழு அல்லவா!

அறிக்கை உடனடியாகச் செயலுக்கு வரவில்லை. ஆடிசன் 1921இல் அமைச்சகத்தை விட்டுப் போனார். 1922இல் கெடிஸ் குழு முன்வைத்த செலவுக் குறைப்பு மிச்சமிருந்த ஆசையையும் முடித்துவைத்தது. ஆனால் சிந்தனை சாகவில்லை. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவையின் முன்னோடி ஆவணங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. தமிழ் வாசகருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, இந்தியாவுக்கும் இதேபோன்ற அடுக்கு முறையைப் பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதன் உறுப்பினர்களில் ஒருவர். நம் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையம் டாசனின் நேரடி வாரிசு என்று சொல்வது மிகை. ஆனால் இரண்டும் ஒரே சிந்தனை வழியில் வந்தவை.

அறிக்கையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அதன் அடுக்கு அமைப்போடு நின்றுவிடுகிறார்கள். அந்த அமைப்பில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி அதே அளவு முக்கியமானது. மருத்துவர்கள் எல்லோரும் அரசின் முழுநேரச் சம்பளக்காரர்கள் ஆவதைக் குழு ஏற்கவில்லை. அது மருத்துவரின் முன்முயற்சியையும் பொறுப்புணர்வையும் மழுங்கடிக்கும் என்றது. சேவை எல்லா வகுப்பாருக்கும் எட்ட வேண்டும் என்றது. எல்லாம் இலவசம் என்று சொல்லவில்லை. உள்ளூர்ச் சுகாதார அமைப்புக்கு வழிகாட்ட மருத்துவர்களின் ஆலோசனை மன்றங்கள் வேண்டும் என்றது. மக்கள் அதில் சேவையைப் பெறுபவர்கள். சேவையின் உருவத்தைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கு மெலிந்த பங்கே இருந்தது. அரசு பணம் தரும், கட்டடம் தரும். மருத்துவரின் தீர்ப்பில் அது தலையிடக் கூடாது. டாசனின் பொதுநலச் சிந்தனைக்கு இதுவே அச்சாணி.

5. எதிர்ச்சான்று: 1921

என் வாதத்துக்கு ஒரு தடை இருக்கிறது. அதை மறைக்காமல் வைத்துவிட வேண்டும். 1921 அக்டோபரில் பர்மிங்காமில் நடந்த திருச்சபைப் பேராயத்தில் டாசன் கருத்தடைக்கு ஆதரவாகப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு கருத்தடையைக் கண்டித்திருந்தது. மணவாழ்வில் உடலின்பத்துக்குத் தனி மதிப்பு உண்டு, பிள்ளைப்பேறு மட்டுமே அதன் நியாயம் அல்ல என்று, ஆயர்கள் கூடியிருந்த சபையிலேயே மன்னரின் மருத்துவர் சொன்னார். பத்திரிகைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை; உரையை நூலாகவே வெளியிட்டார். 1930இல் அதே லாம்பெத் மாநாடு நிபந்தனைகளோடு தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது.

இங்கே டாசன் சாதாரணத் தம்பதிகளின் விருப்பத்துக்காகப் பேசினார் என்பதில் ஐயமில்லை. அப்படியானால், பெறுபவரைக் கேட்காதவர் என்ற குற்றச்சாட்டு எப்படி நிற்கும்? அவர் யாரோடு மோதினார் என்று பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகிறது. அவர் எதிர்த்தது திருச்சபையின் அதிகாரத்தை. படுக்கையறை விவகாரத்தில் பாதிரியாரைவிட மருத்துவரின் சொல்லுக்கு எடை அதிகம் என்பது அந்த உரையின் உட்கிடை. துணிச்சலான பேச்சுதான், நன்மை பயத்த பேச்சும்கூட. ஆனால் டாசன் தம் சொந்தத் தொழிலின் அதிகாரத்தை எங்கும் கேள்வி கேட்கவில்லை. 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத மருத்துவர்களைப் பற்றி அரசிடம் பேசியபோது, பிரிட்டனுக்குப் பயன்படக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற கருத்தை அவர் தெரிவித்தார். தொழில்குழுவின் வாசலைக் காக்கும் குரல் அது.

6. 1936 ஜனவரி 20

ஐந்தாம் ஜார்ஜுக்கு அப்போது எழுபது வயது. நெடுநாள் புகைப்பழக்கம், நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய், பலவீனமான இதயம். 1936 ஜனவரி மத்தியில் நார்ஃபோக்கிலுள்ள சாண்ட்ரிங்கம் மாளிகையில் அவர் படுத்த படுக்கையானார். ஜனவரி 17 அன்று டாசன் வந்து சேர்ந்தார். அன்றைய அறிக்கை இதயத் தளர்ச்சியைக் கவலையோடு குறிப்பிட்டது. 20ஆம் தேதி நண்பகலில் பிரிவி கவுன்சிலர்கள் படுக்கையறை வாசலில் கூடினர். அரசுப் பொறுப்பை மாற்றித் தரும் ஆணையில் கையெழுத்திட மன்னரின் கை ஒத்துழைக்கவில்லை. டாசன் பக்கத்தில் மண்டியிட்டு உதவ, இரண்டு எழுத்துகள் போலத் தோன்றும் கிறுக்கல் விழுந்தது.

இரவு உணவு மேசையில் டாசன் ஓர் உணவுப் பட்டியல் அட்டையை எடுத்து அதன் மேல் அறிக்கையை எழுதினார். மன்னரின் வாழ்வு அமைதியாக முடிவை நோக்கிச் செல்கிறது என்பது அதன் சாரம். இரவு 9.25க்கு அது வெளியானது; பி.பி.சி. திரும்பத் திரும்ப வாசித்தது. ஆங்கில மரண அறிவிப்புகளில் புகழ்பெற்றது அது. அந்த நேரத்தில் அது ஒரு கணிப்பு. பதினோரு மணியளவில் அந்தக் கணிப்பை உண்மையாக்கும் வேலையை எழுதியவரே செய்தார்.

டாசனின் சொந்தக் குறிப்புகளின்படி நடந்தது இது. முடிவு இன்னும் பல மணி நேரம் இழுக்கக்கூடும் என்று பதினோரு மணிக்கு அவருக்குத் தோன்றியது. முக்கால் கிரெயின் மார்ஃபினையும், சற்றுப் பொறுத்து ஒரு கிரெயின் கொக்கைனையும் புடைத்திருந்த கழுத்துச் சிரையில் செலுத்தினார். வழக்கமாகச் செவிலி செய்யும் வேலை அது. கேத்தரின் பிளாக் மனம் கலங்கியது தெரிந்ததால் தாமே செய்தார். கால் மணி நேரத்தில் மூச்சு அடங்கத் தொடங்கியது. 11.55க்கு மன்னர் இறந்தார். இடையில் டாசன் லண்டனிலிருந்த தம் மனைவியிடம் தொலைபேசியில் பேசி, ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அச்சை நிறுத்திவைக்குமாறு தெரிவிக்கச் செய்தார். மரணச் செய்தி தரக்குறைவான மாலைப் பத்திரிகைகளில் முதலில் வராமல், காலை நாளிதழில் வர வேண்டும் என்பதையும் அவர் காரணங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்.

7. சாட்சியம் எவ்வளவு நம்பகமானது?

இந்த நிகழ்வுக்கு ஒரே சாட்சி டாசனின் குறிப்புகள். கேத்தரின் பிளாக் 1939இல் தம் நினைவுகளை நூலாக எழுதினார். இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. டாசனின் வாழ்க்கை வரலாற்றை 1950இல் வெளியிட்ட ஃபிரான்சிஸ் வாட்சன் குறிப்புகளைப் பார்த்திருந்தும், டாசனின் மனைவி விரும்பாததால் விட்டுவிட்டார். 36 ஆண்டுகள் கழித்து, 1986 டிசம்பரில், ‘ஹிஸ்டரி டுடே’ இதழில் அவரே அதை வெளியிட்டார். அதுவரை உலகம் நம்பியது உணவு அட்டையில் எழுதப்பட்ட அறிக்கையை.

ஒற்றைச் சாட்சியம் என்பதால் ஐயம் எழுவது இயல்பு. ஆனால் இந்தக் குறிப்புகளை நம்புவதற்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, அவை எழுதியவரையே மாட்டிவிடுகின்றன. அன்றைய சட்டப்படி இது கொலைக் குற்றம். இரண்டு, அவை காட்சியை அழகுபடுத்துவதில்லை. மன்னர் கடைசியாகப் பேரரசைப் பற்றி விசாரித்தார் என்று பிரதமர் பால்ட்வின் வானொலியில் சொன்னார். மயக்க மருந்து தந்த செவிலியைத் திட்டியதே மன்னரின் கடைசிச் சொல் என்று டாசன் குறித்து வைத்தார். புகழுக்காகப் புனைபவர் இப்படி எழுதமாட்டார்.

8. மூன்று வாசிப்புகள்

முதல் வாசிப்பு, கருணை. சாவு உறுதியான ஒருவரின் கடைசி மணிகளை மருத்துவர் சுருக்கினார், அவ்வளவுதான் என்பது இதன் வாதம். உயிரை வீணாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று மேரி அரசியும் வேல்ஸ் இளவரசரும் சொல்லியிருந்ததாக டாசன் எழுதியிருப்பது இதற்கு வலு சேர்க்கிறது. ஆனால் இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்பதும் முடித்துவிடுங்கள் என்பதும் ஒன்றல்ல. தவிர, யாருடைய துன்பத்துக்குக் கருணை? மன்னர் நினைவிழந்திருந்தார்; அவர் வலியில் துடித்ததாகக் குறிப்பில் இல்லை. மன்னருக்குரிய கண்ணியம், காத்திருக்கும் குடும்பத்தாரின் களைப்பு, காலை நாளிதழ் என்று டாசன் அடுக்கும் காரணங்கள் எல்லாம் படுக்கையைச் சுற்றியிருந்தவர்களையும் வெளியே இருந்தவர்களையும் பற்றியவை.

இரண்டாவது வாசிப்பு, காலத்தின் வழக்கம். அன்றைய மருத்துவர்கள் பலர் கடைசி நேரத்தில் மார்ஃபினைத் தாராளமாகத் தந்தார்கள் என்பது உண்மை. 1887இல் வில்லியம் மங்க் எழுதிய நூல் முதல், சாவின் வலியைக் குறைப்பது மருத்துவக் கடமை என்ற மரபு வலுவாக இருந்தது. மார்ஃபினையும் கொக்கைனையும் சேர்த்துத் தருவதும் புதிதல்ல. 1896இல் ஹெர்பர்ட் ஸ்னோ முற்றிய புற்றுநோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தார். ஆனால் இந்த மரபு வலியைத் தணிக்க வந்தது. தோலுக்கடியில் போடும் வழக்கமான மார்ஃபின் அளவு கால் கிரெயின், அதாவது சுமார் 16 மில்லிகிராம். டாசன் செலுத்தியது சுமார் 49 மில்லிகிராம், அதுவும் நேராகச் சிரையில். மூச்சுத் திணறும் எழுபது வயது நோயாளிக்கு இந்த அளவின் விளைவு எந்த மருத்துவருக்கும் தெரிந்ததே. 1957இல் ஆடம்ஸ் என்ற மருத்துவரின் வழக்கில், வலி தணிக்கத் தரும் மருந்து தற்செயலாக ஆயுளைக் குறைத்தாலும் குற்றமாகாது என்று நீதிபதி டெவ்லின் நடுவர்களுக்கு விளக்கினார். அந்தத் தளர்ந்த அளவுகோலுக்குள்ளும் டாசனின் செயல் அடங்காது. ஏனெனில் முடிவை விரைவுபடுத்துவதே தம் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மூன்றாவது வாசிப்பு, வசதிக்கான கொலை. 1994இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஜே.எச்.ஆர். ராம்சே எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதை வசதியான மரணம் என்று சுட்டியது. பத்திரிகை நேரத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பு அசைக்க முடியாதது போலத் தோன்றும். என் பார்வையில் இதற்கும் ஒரு குறை உண்டு. இது டாசனை வெறும் சூழ்ச்சிக்காரராக ஆக்கிவிடுகிறது. தம் செயலை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக அவர் கருதியிருந்தால் எழுதி வைத்திருக்கத் தேவையில்லை. கடமையை நன்றாக முடித்தவரின் நிதானம் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. விளக்க வேண்டியது அந்த நிதானத்தைத்தான்.

9. பிரபுக்கள் சபையில் கிடைக்கும் விடை

அந்த விளக்கத்தை டாசனே பத்து மாதங்கள் கழித்துத் தந்தார். 1936 டிசம்பர் 1 அன்று, தானாகக் கேட்டுப் பெறும் கருணைக்கொலையைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவை பான்சன்பி பிரபு பிரபுக்கள் சபையில் முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, லெஸ்டர் நகரச் சுகாதார அதிகாரி கில்லிக் மில்லார்டின் முயற்சியில் உருவான சங்கம் அதன் பின்னணியில் இருந்தது. நோயாளி தாமே எழுத்தில் கேட்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், தனி நடுவர் ஒருவர் விசாரித்து அனுமதிக்க வேண்டும் என்பவை மசோதாவின் நிபந்தனைகள்.

டாசன் எதிர்த்துப் பேசினார். சாவை விரைவுபடுத்துவது தவறு என்பதற்காக அல்ல. ஆயுள் சற்றுக் குறைந்தாலும் சாவை மென்மையாக்குவது மருத்துவரின் கடமை என்ற எண்ணம் வளர்ந்து வருகிறது, நல்ல மருத்துவர்கள் அப்படியே நடக்கிறார்கள், இதைச் சட்டத்தில் எழுத வேண்டாம், மருத்துவரின் மனசாட்சிக்கு விட்டுவிடுங்கள் என்பது அவர் வாதம். மற்றொரு அரச மருத்துவரான ஹோர்டர் பிரபுவும் மசோதாவை எதிர்த்தார். சாண்ட்ரிங்கத்தில் மன்னரின் படுக்கையருகே பிரார்த்தனை செய்த காண்டர்பரி பேராயர் காஸ்மோ லாங்கும் எதிர்த்தார். 35க்கு 14 என்ற கணக்கில் மசோதா தோற்றது.

வழக்கமாக இதை டாசனின் போலித்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். தாம் செய்ததைப் பிறர் செய்ய விடாமல் தடுத்தார் என்பார்கள். ஆனால் நுணுகிப் பார்த்தால் அவருடைய பேச்சும் செயலும் முரண்படவில்லை, துல்லியமாகப் பொருந்துகின்றன. நோயாளி கேட்க வேண்டும் என்பதுதான் மசோதாவின் இதயம். டாசன் எதிர்த்தது அதைத்தான். ஜனவரியில் அவர் மன்னரைக் கேட்கவில்லை; டிசம்பரில், கேட்கத் தேவையில்லை என்று வாதாடினார். 1920இல் அரசின் கை மருத்துவரின் தீர்ப்பில் படக் கூடாது என்றவர், 1936இல் சட்டத்தின் கை மரணப் படுக்கையில் படக் கூடாது என்றார். அதே மனிதர், அதே கொள்கை.

10. முடிவு

டாசன் 1945 மார்ச் 7 அன்று, எண்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பாக இறந்தார். தேசிய சுகாதார சேவை தொடங்கியதை அவர் பார்க்கவில்லை. தம் குறிப்புகள் அச்சேறியதையும் பார்க்கவில்லை.

சீர்திருத்தக்காரர் என்றும் குற்றவாளி என்றும் அவரை இரண்டாகப் பிரிப்பது வசதியானது; ஆனால் சான்றுகள் அதற்கு இடம் தருவதில்லை. அறிந்தவர்கள் ஒன்றுகூடித் திட்டமிட்டால் நாட்டின் நோய் தீரும் என்ற நம்பிக்கையே அந்த அறிக்கையைத் தந்தது. அது பெரிய நன்மை. நோயாளிக்கு எது நல்லது என்பது மருத்துவருக்குத் தெரியும் என்ற அதே நம்பிக்கைதான் அந்த ஊசியையும் தந்தது. முன்னது பொதுவெளியில் விவாதத்துக்கு வந்ததால் திருத்தம் பெற்றது. பலர் கை பட்டு மேம்பட்டது. பின்னது மூடிய அறைக்குள் நடந்ததால் ஐம்பது ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்க வழியில்லாமல் போனது.

ஆகவே டாசனின் பிழை மார்ஃபினின் அளவில் மட்டும் இல்லை. மன்னர் நினைவோடிருந்தபோது கேட்பதற்கு வாய்ப்பிருந்தும் கேட்காததிலும், கேட்க வேண்டும் என்று சட்டம் வர முனைந்தபோது அதைத் தடுத்ததிலும் இருக்கிறது. மரணத்தில் உதவி பற்றிய விவாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 2025இலும் நடந்தது. இன்று பேசுபவர்களில் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் நோயாளியின் சம்மதம் முதன்மையானது என்பதில் ஒன்றுபடுகிறார்கள். டாசனுக்கு அது முதன்மையாகப் படவே இல்லை. நல்ல நோக்கமும் நிறைந்த அறிவும் மட்டும் ஒருவரைப் பிறர் உயிருக்கு அதிகாரி ஆக்கிவிடாது. அவருடைய வாழ்க்கையை முழுதாக வைத்துப் படித்தால் கிடைக்கும் தீர்ப்பு இதுவே.